ஒன்பதாவது சீட்டு

ஜனவரி 5, திங்கள்

இந்த வருடப் பந்துப் போட்டியை நான்தான் நடத்த வேண்டும் என்று எஸ்டேட் மேனேஜர் துரை சொல்லிவிட்டார். சொன்னது என்னிடம் இல்லை, பெரிய கிளார்க் ஞானப்பிரகாசம் சாரிடம். "டிகிரி படிச்ச பொண்ணு இருக்குல்ல, அது செய்யட்டும்." நான் அதே அறையில் நாலடி தள்ளி உட்கார்ந்து தொழிலாளர்களுக்குக் கொடுக்கும் கம்பளிக்குப் பட்டியல் எழுதிக்கொண்டிருந்தேன்.

எங்கள் எஸ்டேட்டில் ஒன்பது டிவிஷன். டிவிஷனுக்கொரு வாலிபால் அணி. தோற்றால் வெளியே. இறுதி ஆட்டம் குடியரசு தினத்தன்று. வழக்கமாகக் கோப்பையும் ஓர் ஆட்டுக்கிடாயும்தான் பரிசு. இந்த வருடம் துரை இன்னொன்று சேர்த்திருக்கிறார். ஜெயிக்கிற அணியில் இரண்டு பேருக்கு ஃபேக்டரியில் நிரந்தர வேலை. பக்கத்துக் கம்பெனியை அடிக்க அவருக்கு நல்ல அணி வேண்டுமாம்.

வீட்டில் சொன்னதும் அம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள். அப்பாவுக்குப் பிப்ரவரி கடைசியோடு வேலை முடிகிறது. குடும்பத்தில் ஒருவர் பெயராவது நிரந்தரத் தொழிலாளர் பதிவேட்டில் இருந்தால்தான் கம்பெனி தந்த லைன் வீட்டில் இருக்கலாம். அம்மா முதுகு போய் இரண்டு வருடம் முன்பே பெயரை வெட்டிக்கொண்டாள். தம்பி ரூபன் மருந்தடிக்கிறான், தற்காலிகம். ஆபீஸில் நானும் தற்காலிகம். ரூபன்தான் எங்கள் மூங்கில்பாலம் அணிக்குத் தலைவன்.

"சீட்டு உங்கையிலதான் இருக்கு?" என்றாள் அம்மா.

"குலுக்கிப் போடறதும்மா. யார் கையிலயும் இல்ல."

"அதான் கேட்டேன்."

என்ன கேட்டாள் என்று எனக்குப் புரியவில்லை என்றே வைத்துக்கொள்கிறேன்.

ஜனவரி 7, புதன்

ஒன்பதை இரண்டிரண்டாகப் பிரித்தால் ஒன்று மிஞ்சும். மிஞ்சிய அணி ஆடாமலே அடுத்த சுற்றுக்குப் போகும். அதற்கு இங்கே பை என்று பெயர். ஆட்டக்காரர்கள் தெய்வத்தின் பெயரைச் சொல்வதுபோல அதைச் சொல்வார்கள்.

சரியான முறை வேறு. முதலில் இரண்டு அணியை மட்டும் மோதவிட்டால் ஒன்று போய் எட்டு நிற்கும். பிறகு நாலு, இரண்டு என்று ஒழுங்காக இறங்கிவிடும். இதைச் சாரிடம் சொல்லக் காலையிலிருந்து வாக்கியம் தயாரித்து, மூன்று மணிக்குச் சொன்னேன்.

"ரெண்டு டீம மட்டும் கூடுதலா ஆடச் சொன்னா அந்த ரெண்டு டிவிஷனும் நாளைக்கு ஆபீஸ் வாசல்ல நிக்கும்மா. ஒவ்வொரு ரவுண்டுக்கும் புதுசா குலுக்கறதுதான் இங்க பழக்கம்."

"அப்ப ஒம்பது அஞ்சாகும், அஞ்சு மூணாகும் சார். ஒவ்வொரு தடவையும் ஒரு பை விழும். ஒரே டீமுக்கு மூணு தடவையும் விழுந்தா பந்தத் தொடாமலே ஃபைனலுக்கு வந்துரும்."

"அவ்ளோ அதிர்ஷ்டம் உள்ளவன் எதுக்கும்மா இந்த மலையில வந்து பொறக்கறான்?" என்று சிரித்தார்.

சிரிப்பு கொஞ்சம் நீளமாக இருந்தது. சாருடைய அக்கா மகன் வில்சன், ஃபேக்டரி டிவிஷன் அணியில் ஆடுகிறான்.

எப்படிக் குலுக்கினாலும் மொத்தம் எட்டு ஆட்டம்தான் வருகிறது. நாலு விதமாகப் போட்டுப் பார்த்தேன். ஒன்பதில் எட்டு அணி தோற்க வேண்டும். ஒரு தோல்விக்கு ஓர் ஆட்டம். அவ்வளவுதான் கணக்கு.

ஜனவரி 9, வெள்ளி

முதல் குலுக்கல்.

முந்தின மாதம் அதிகக் கிலோ கொழுந்து எடுத்த பெண்தான் சீட்டு எடுப்பது வழக்கம். டிசம்பருக்கு ஆத்தோரம் டிவிஷன் பேச்சியக்கா. சீட்டுகளைத் தேயிலைச் சாம்பிள் அனுப்பும் டின்னில் போடுவார்கள். வாய் குறுகல், கை மட்டும்தான் நுழையும், உள்ளே ஒன்றும் தெரியாது. இரண்டிரண்டாக எடுக்க எடுக்கச் சார் வாசிப்பார். கடைசியாக டின்னில் தங்குவது பை.

காலையில் சீட்டு எழுதினேன். எட்டு எழுதியதும் தாள் தீர்ந்துவிட்டது. ஒன்றில் மை கொட்டிக் கிழித்துப் போட்டிருந்தேன். அலமாரிச் சாவி சாரிடம். சார் டீ குடிக்கப் போயிருந்தார். பனியனில் குத்த எண் எழுதுவதற்கு வாங்கிய வெள்ளை அட்டை மேசைமேல் கிடந்தது. அதில் ஒரு துண்டு வெட்டி ஒன்பதாவதை எழுதினேன். ஒன்பதாவது மூங்கில்பாலம். நம் டிவிஷனைக் கடைசியில் எழுதுவதுதான் மரியாதை என்று பட்டது.

காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பிரட்டுக்களத்தில் முந்நூறு பேர். நான் தூணுக்குப் பின்னால் நின்றேன். பேச்சியக்கா கையைத் துடைத்துக்கொண்டு டின்னுக்குள் விட்டார். எட்டுச் சீட்டும் வந்தன. சார் டின்னைக் கவிழ்த்து ஒன்பதாவதைப் பிரித்தார்.

"பை, மூங்கில்பாலம்."

ரூபன் மேலே பார்த்துக் கும்பிட்டான். எனக்கு அவனைவிடப் பேச்சியக்காவைத்தான் பார்க்கத் தோன்றியது. அவர் எங்கள் அம்மாவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

ஜனவரி 10, சனி

இரண்டு ஆட்டம் முடிந்தது. வலை ஒரு பக்கம் தொய்வு, கயிறு வாங்க வேண்டும். விசில் ஒன்று காணோம்.

சாயங்காலம் அம்மா ஆத்தோரம் பாதையிலிருந்து வந்தாள். கையில் காலி டிபன் தூக்கு. முதுகுவலிக்காரி ஒன்றரை மைல் இறங்கி ஏறியிருக்கிறாள். எங்கே போனாய் என்று கேட்டேன். "சும்மா காலாற" என்றாள். தூக்கில் கருவாட்டுக் குழம்பு வாசனை.

ஜனவரி 11, ஞாயிறு

பாறைமேடு, ஃபேக்டரி, இன்னும் இரண்டு டிவிஷன் ஜெயித்தன. ஆத்தோரம் தோற்றது. மூங்கில்பாலத்தையும் சேர்த்து ஐந்து.

அம்மா பேச்சியக்காவுக்குக் குழம்பு கொண்டுபோனது குலுக்கலுக்கு மறுநாள். முந்தினநாளும் ஏதாவது போயிருக்குமா? ஆனால் டின்னுக்குள் கண் தெரியாதே. பேச்சியக்காவுக்கு எழுதப் படிக்கவும் வராது. குழம்பு எப்படிச் சீட்டுக்குள் நுழையும் என்று நாள் முழுக்க யோசித்தேன்.

ஜனவரி 12, திங்கள்

எடை போடும் ஷெட்டுக்குத் துண்டுச்சீட்டு சரிபார்க்கப் போனேன். பேச்சியக்கா தன் குவியலிலிருந்து முத்தின இலையைப் பொறுக்கி எறிந்துகொண்டிருந்தார். பேசிக்கொண்டே செய்தார், இலையைப் பார்க்கவே இல்லை.

"எங்கம்மா வந்தாங்களாக்கா சனிக்கெழம?"

"ஆமா தாயி. எனக்குப் பேத்தி பொறந்துச்சுல்ல, பாக்க வந்தா. கொழம்பு கொண்டாந்தா. உப்பு சாஸ்தி."

அவ்வளவுதானா. கேட்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே கேட்டேன். "குலுக்கல்ல எங்க சீட்ட எப்படிக்கா கடைசி வரைக்கும் விட்டீங்க?"

"எது ஒங்க சீட்டுன்னு நான் கண்டனா? ஒண்ணு மட்டும் வெறப்பா கெடந்துச்சு. முத்தின எலயாட்டம். முப்பது வருசமா வெறப்பா இருக்கறத இந்தக் கை எடுத்ததில்ல, அதுபாட்டுக்குத் தள்ளிட்டுப் போயிருச்சு." சொல்லிவிட்டு அவரே சிரித்தார். நானும் சிரித்தேன். தராசு சத்தத்தில் வேறு யாருக்கும் கேட்டிருக்காது.

ஜனவரி 13, செவ்வாய்

அம்மாவைச் சந்தேகப்பட்டது அம்மாவுக்குத் தெரியாது. அதனால் மன்னிப்பு கேட்கவில்லை.

ஜனவரி 15, வியாழன்

பொங்கல். பனி பத்து மணி வரை விலகவில்லை. ரூபன் நாலு பேரோடு பந்து தட்டினான். மற்ற அணிகளெல்லாம் ஓர் ஆட்டம் ஆடிக் கை சூடாகிவிட்டது, நமக்குத்தான் பழக்கம் விட்டுப்போச்சு என்றான். அம்மா, "ஆடாம ஜெயிக்கறது வலிக்குதாக்கும்" என்றாள்.

ஜனவரி 17, சனி

இரண்டாவது குலுக்கல்.

காலையில் ஆபீஸில் வேலை இல்லை. நேற்று விடுமுறை, இன்றும் பாதிப் பேர் வரவில்லை. கோப்பையைப் புளி போட்டுத் தேய்த்தேன். நடுவர் நாற்காலியின் உடைந்த காலுக்குக் கட்டை வைத்தேன். பிறகு பதினொரு மணி வரை ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தேன்.

புதுச்சீட்டு எழுத நேரமில்லாததால் போன வாரச் சீட்டுகளையே எடுத்தேன். அவற்றைக் குப்பையில் போடாமல் டிராயரில் வைத்திருந்தேன். ஐந்தையும் சுருட்டி டின்னில் போட்டேன்.

பேச்சியக்கா நாலு எடுத்தார். சார் ஐந்தாவதைப் பிரித்தார்.

"மறுபடியும் மூங்கில்பாலம்."

கூட்டத்தில் சத்தம் முதலில் வரவில்லை. பிறகு ஒரே நேரத்தில் வந்தது. பாறைமேடு அணித் தலைவர் அருள்தாஸ், "ஆளுக்கொரு சாமி, அவுங்களுக்கு ஆபீஸ் சாமி" என்றார். எல்லாரும் என்னைத் தேடித் திரும்பினார்கள். தூண் போதுமான அளவு அகலமில்லை.

சார் அந்தச் சீட்டை விரலுக்கிடையில் வைத்து ஒருமுறை மடக்கி விட்டார். அது விறைத்து நிமிர்ந்தது. என்னிடம் கொடுக்காமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

ஜனவரி 18, ஞாயிறு

பாறைமேடும் ஃபேக்டரியும் ஜெயித்தன. இனி மூன்று அணி. அறிவிப்புப் பலகையில் யாரோ சாக்பீஸால் எழுதியிருக்கிறார்கள்: 'மூங்கில்பாலம், உட்கார்ந்த இடத்திலேயே சாம்பியன்.' அழிக்கப் போனேன். நான் அழிப்பதைப் பார்த்தால் இன்னும் பேசுவார்கள் என்று திரும்பி வந்தேன்.

அருள்தாஸும் ஐந்து வருடமாகத் தற்காலிகம். மாமனார் வீட்டில் ஒண்டிக்கொண்டு இருக்கிறார். மனைவி ஜெயந்தி கடையில் என் பக்கத்தில் நின்று பருப்பு வாங்கினாள். என்னைப் பார்க்காமலே நகர்ந்து வழிவிட்டாள்.

ஜனவரி 20, செவ்வாய்

சார் இன்று மேசையில் அந்தச் சீட்டை வைத்தார். வைத்து, அதன்மேல் பேப்பர்வெயிட்டை வைத்தார்.

"அடுத்த குலுக்கலுக்குத் தாள் என் அலமாரியில இருக்கு. சாவி ஆணியில தொங்குது."

"சரி சார்."

"ஒங்க வீட்டு விஷயம் தெரியாம இல்ல. கொழுந்தெடுக்கப் பொம்பளையாள் வேணும்னு வாசல்ல ஆறு மாசமா போர்டு தொங்குது. பேரு ஏறுன அன்னிக்கே நிரந்தரம். வீடும் அப்படியே இருக்கும். ஒனக்குத் தெரியாததா?"

தெரியும். அந்த போர்டை எழுதியதே நான்தான்.

பொள்ளாச்சி விடுதியில் என்னைச் சேர்த்த அன்று அம்மா வார்டனிடம், "எம்மக முதுகுல சாக்கு ஏறக் கூடாதும்மா, அதுக்குத்தான் இம்புட்டும்" என்றாள். மூன்று வருடப் படிப்பில் நான் நன்றாகக் கற்றது அந்த ஒரு வாக்கியம்தான். நான் கொழுந்தெடுக்கப் போகலாம் என்று ரூபனும் சொல்லிக் கேட்டதில்லை, அப்பாவும் சொன்னதில்லை. வீட்டில் அந்த வழி ஒன்று இருப்பதாகவே நாங்கள் காட்டிக்கொள்வதில்லை.

சார் நல்லெண்ணத்தில் சொன்னாரா, வில்சனுக்காகச் சொன்னாரா? சீட்டு என் மேசையில் இருக்கிறது. மூன்று நாள் வைத்திருந்துவிட்டு ஏன் இன்று தருகிறார்? துரையிடம் காட்டிவிட்டாரா?

ஜனவரி 22, வியாழன்

அட்டைத் துண்டை வெந்நீர் அடுப்பில் போட்டேன். மெல்லிய தாளாக இருந்தால் உடனே எரிந்திருக்கும்.

அலமாரியைத் திறந்து ஒரே தாளை மூன்றாகக் கிழித்தேன். அடிக்கோல் வைத்து அளந்து கிழித்தேன். மூன்றையும் ஒரே பேனாவால் எழுதி ஒரே பென்சிலில் சுற்றி உருவினேன். கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவிப் பார்த்தேன். எது எது என்று எனக்கே தெரியவில்லை.

ஜனவரி 24, சனி

மூன்றாவது குலுக்கல். துரையும் வந்தார். நாற்காலி போட்டோம்.

பேச்சியக்கா கையை உள்ளே விட்டு இந்த முறை கொஞ்சம் தடுமாறினார். எங்கோ தேடுவதுபோல இருந்தது. முதல் சீட்டு பாறைமேடு. நான் ஃபேக்டரி வரக் கூடாது என்று நினைத்தேனா, வர வேண்டும் என்று நினைத்தேனா? இரண்டாவது சீட்டு ஃபேக்டரி.

சார் டின்னைக் கவிழ்த்தார். பிரித்தார். அதைத் தடவிப் பார்த்தார். மற்ற இரண்டையும் தடவினார். பிறகு என்னைப் பார்த்த பார்வையில், இவள் எப்படிச் செய்தாள் என்ற கேள்விதான் இருந்தது.

"பை, மூங்கில்பாலம்" என்று மெதுவாகச் சொன்னார்.

இந்த முறை சிரித்தார்கள். அதுதான் மோசம். அருள்தாஸ் எழுந்து வந்து என் எதிரில் கைகட்டி நின்றார்.

"கிளார்க்கம்மா, கப்ப வீட்டுக்கே எடுத்துட்டுப் போயிருங்க. எதுக்கு வீணா வலையக் கட்டி அவுத்துக்கிட்டு? படிச்சவங்க நீங்க, சீட்டுலயும் டிகிரி வாங்கிருக்கீங்க."

மூன்று சீட்டும் ஒரே தாள், பிரித்துப் பாருங்கள் என்று வாய் வரை வந்தது. இதைப் பார்த்தால் போன தடவைச் சீட்டையும் காட்டு என்பார்கள். வாயை மூடிக்கொண்டேன். துரை என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போது ரூபன் நடுவே வந்தான்.

"எங்களுக்கு பை வேணாம் சார். நாங்க ஆடுறோம். ரெண்டு டீமுல யாரு வேணா வரட்டும்."

"டேய்" என்று அம்மாவின் குரல் கேட்டது.

"எங்கக்காவ இப்படி நிக்க வெச்சுக் கேக்கறத நான் பாத்துக்கிட்டு ஃபைனல் ஆட முடியாது. யாரு வர்றீங்க?"

"நாங்க வர்றோம்" என்றார் அருள்தாஸ். துரைக்குப் பிடித்துவிட்டது. கை தட்டினார். அப்படியே பை ஃபேக்டரிக்குப் போனது. வில்சன் தன் மாமாவைப் பார்த்தான். சார் டின்னின் மூடியைத் தேடிக்கொண்டிருந்தார்.

ஜனவரி 25, ஞாயிறு

முதல் செட் 25–21, நமக்கு. இரண்டாவது 19–25. மூன்றாவது 11–15.

இரண்டு வாரம் பார்த்துக்கொண்டே இருந்தவர்களுக்கு மூன்றாவது செட்டில் கால் எழவில்லை. கடைசிப் பந்தை ரூபன் ஓங்கி அடித்தான். வலையில் பட்டு நம் பக்கமே விழுந்தது. அருள்தாஸ் வலைக்கு அடியில் குனிந்து வந்து அவனைக் கட்டிக்கொண்டார்.

ஜனவரி 26, திங்கள்

பாறைமேடு ஜெயித்தது. அருள்தாஸுக்கு ஒரு வேலை, இன்னொருவருக்கு ஒன்று. ஜெயந்தி ஆபீஸுக்கு வந்து எல்லாருக்கும் லட்டு கொடுத்தாள். என்னிடம் வந்ததும் இரண்டாகக் கொடுத்தாள்.

"ஒங்க தம்பி மட்டும் அன்னிக்கு விட்டுக்குடுக்கலன்னா..." என்று ஆரம்பித்து, முடிக்காமல் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள்.

வீட்டில் அம்மா ரூபனிடம், "கையில வந்து விழுந்தத வீசிட்டு வந்து நிக்கிற. ஒங்கப்பா வீட்டையும் சேத்து வீசிட்டு" என்றாள். அவன் சாப்பிடவில்லை. அப்பா வானொலியைச் சரிசெய்துகொண்டிருந்தார். அது கெட்டுப்போகவே இல்லை.

ஜனவரி 28, புதன்

ரூபன் இன்றும் தட்டைத் தள்ளிவிட்டான். என்னைப் பார்க்கிறான், ஏதோ கேட்க வருகிறான், போய்விடுகிறான்.

ஜனவரி 29, வியாழன்

சாரிடம் கொழுந்தெடுக்கும் வேலைக்குப் படிவம் கேட்டேன். எடுத்துக் கொடுத்தார். படிப்பு என்ற இடத்தில் பேனாவை வைத்ததும், "ஃபீல்டு வேலைக்கு அத நிரப்ப வேண்டியதில்லம்மா" என்றார். கோடு போட்டுவிட்டேன்.

"மூணாவது தடவ எப்படித்தான் பண்ணுன?" என்றார் திடீரென்று. குரலில் கோபமில்லை, தெரிந்துகொள்ளும் ஆசைதான்.

"நான் ஒண்ணும் பண்ணல சார்."

"சரி சரி" என்றார். நம்பவில்லை. அன்று அவர் இந்த வேலையை நினைவூட்டியதில் வில்சனுக்குப் பங்கில்லை என்று நானும் நம்பவில்லை. இருவரும் படிவத்தில் கையெழுத்துப் போட்டோம்.

அம்மா இன்று முழுவதும் என்னோடு பேசவில்லை. சாயங்காலம், கொழுந்தெடுக்கப் போகும்போது இடுப்பில் கட்டிய தன் பழைய ரப்பர் படங்கை எடுத்து, கிழிந்த இடத்தைத் தைத்து, என் பாயருகில் வைத்தாள்.

பிப்ரவரி 2, திங்கள்

முதல் நாள். ஒன்பது கிலோ. மற்றவர்கள் இருபதுக்குக் குறையவில்லை. அட்டை மூன்று இடத்தில் கடித்தது. மேஸ்திரி, "டிகிரி நிரைய விட்டு நிரை போகுது பாரு" என்றார். பெண்கள் சிரித்தார்கள். பிறகு ஒருத்தி வந்து எனக்கு ஒதுக்கிய நிரையில் பாதிச் செடிகளை அவளே எடுத்துக் கொடுத்தாள்.

நாலரை மணிக்கு ரூபன் பாலத்தருகே காத்திருந்தான். மருந்து டின் இல்லை. வேலைக்குப் போகவில்லை போல.

"அக்கா, ஒண்ணு கேக்கறேன். நெசத்தச் சொல்லணும்."

"கேளு."

"அந்த மூணாவது குலுக்கல். அது நெசமாவே நமக்கு விழுந்ததா, இல்ல..."

அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் தலைமேல் இருந்த சாக்கைப் பார்த்தான், பிறகு விரல்களை. கொழுந்துக் கறை நகத்துக்குள் கறுத்துப் போயிருந்தது. ஒரு வாரமாக அவன் தட்டைத் தள்ளியது, நியாயமாக விழுந்ததை வீசிவிட்டோமோ என்றுதான் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

"மூணுமே நான் பண்ணுனதுதான்" என்றேன்.

"மூணுமா?"

"மூணும்தான்."

அவன் பாலத்துக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டான். மூச்சை நீளமாக விட்டான்.

"அப்ப நான் விட்டது சரிதான்."

"சரிதான்."

"நீ இப்படிப் பண்ணுவேன்னு நான் நெனைக்கவே இல்லக்கா. ஊரே சொன்னப்பவும் நெனைக்கல."

சாக்கை வாங்கிக்கொள்ளாமல் முன்னால் நடந்தான். நான் பத்தடி விட்டுப் பின்னால் நடந்தேன். வீட்டில் அவன் இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டான். மீன் இன்னும் இருக்கிறதா என்று அம்மாவிடம் கேட்டான். என்னிடம் தண்ணீர்ச் செம்பைக்கூடக் கேட்கவில்லை, எட்டி அவனே எடுத்துக்கொண்டான்.